காட்சி நாற்பத்தொன்று, கீழடுக்கு

விடியக்காலை நாலரைக்கு
பெரும்பாக்கத்துக்கு வேன் வந்தது.
எட்டு மாடி இறங்கினேன்.
லிஃப்ட் ஆடி மாதத்திலிருந்து அப்படியே நிற்கிறது.
ஏஜென்ட் ஜெயசீலன் தலைகளை எண்ணினான்.
ஒல்லியாக இருப்பவர்களை முன்னால் உட்காரச் சொன்னான்.

எண்ணூர்ச் சாம்பல் மேட்டில் செட்.
வருஷம் இரண்டாயிரத்து நூற்றுப் பதினொன்றாம்.
கடல் பாதி ஊரைத் தின்ற பிறகு
மேலடுக்கில் காற்றை விலைக்கு வாங்குகிறவர்கள்,
கீழடுக்கில் நாங்கள்.
உதவி இயக்குநர் நிவேதன், சின்னப் பையன்,
ராத்திரி தூங்காத கண்,
கதையை அவ்வளவுதான் சொன்னான்.
"வசனம் கிடையாதுக்கா. பயந்தா போதும்."

மேக்கப் பெண் என் தாடையைத் திருப்பிப் பார்த்து
"இவங்களுக்கு ரொம்ப வேணாம்" என்றாள்.
ஆனாலும் பூசினாள்.
டப்பாவில் அடைத்த சேறு,
லேசாக ரோஜா வாசனை.

கீழடுக்கில் யாருக்கும் பேர் இல்லை,
மணிக்கட்டில் எண்தான்.
"ஏதாச்சும் ஒரு நம்பர் சொல்லுங்க" என்றான் பெயிண்டர்.
யோசிக்கவே இல்லை, வாயில் வந்தது:
இ 214.
மை காயும்போதுதான் உறைத்தது.
கூவம் கரையில் எங்கள் கதவில்
யாரோ சிவப்பு ஸ்ப்ரே அடித்துவிட்டுப் போன எண்.
அன்றைக்கும் பேரைக் கேட்கவில்லை.
அந்தக் கதவைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தோம்.
இப்போது அதன்மேல்தான் படுக்கிறோம்.

குடிசைகளை நன்றாகத்தான் போட்டிருந்தார்கள்.
கட்சி பேனர் கூரை, கல் வைத்த தார்ப்பாய், துரு.
தண்ணீர் போக மட்டும் வழி விடவில்லை.
சொன்னேன். நிவேதன் நோட்டில் எழுதிக்கொண்டான்.
அடுத்த ஷாட்டுக்குள் வாய்க்கால் வெட்டிவிட்டார்கள்.
என் ஆயுசில்
நான் கேட்டுக் கிடைத்த ஒரே வடிகால்.

சாப்பாட்டு நேரத்தில்
மேலடுக்குக்காரர்களுக்குப் பந்தலும் நாற்காலியும்.
வெள்ளை உடுப்பாம், அழுக்காகிவிடுமாம்.
எங்களுக்கு அந்தக் கவலை இல்லையே,
சாம்பலில் உட்கார்ந்து பொட்டலம் பிரித்தோம்.
பாக்கியவதி என்னை இடித்துக் கேட்டாள்:
"இது பிரேக்கா, இல்ல எடுத்துகினு இருக்காங்களா?"

மூன்று மணிக்கு
இயந்திரக் காவலர்கள் எங்களைத் துரத்த வேண்டும்.
அவர்கள் பிறகு கம்ப்யூட்டரில் வருவார்கள்.
இப்போதைக்குப் பச்சைத் துணி சுற்றிய கம்பம்.
கம்பத்தைப் பார்த்து அலறச் சொன்னார்கள்.
ஒன்று, இரண்டு, ஐந்து டேக்.
எனக்குப் பயம் வரவில்லை.

எங்களிடம் வந்தவருக்கு முகம் இருந்தது.
இடது கன்னத்தில் ஒரு மரு.
வெயில் அதிகம் என்று தண்ணீர் கேட்டார்.
கொடுத்தேன்.
அண்ணாந்து குடித்தார்,
சொம்பைத் திருப்பி என் கையிலேயே தந்தார்,
"நல்லா இரும்மா" என்றார்,
பிறகு பொக்லைன்காரனைப் பார்த்துத் தலையசைத்தார்.

இதைப் படத்தில் வையுங்கள் என்று சொல்லத்தான் போனேன்.
வசனம் கிடையாதே எனக்கு.
ஆறாவது டேக்கில்
அந்தச் சொம்பை நினைத்துக்கொண்டேன்.
டைரக்டர் கை தட்டினார்.

கூலி எழுநூறு. ஜெயசீலனுக்கு நூற்றைம்பது போக
மீதியை வேனிலேயே தந்தான்.
"நாளைக்கும் கன்டினியூட்டி இருக்கு,
யாரும் நம்பரை அழிச்சிடாதீங்க."
இருட்டில் ஏறினேன் எட்டு மாடி,
ஒரு கையில் தண்ணீர்க் குடம்.
ஏழைகளைக் கீழே வைத்துக் கதை எழுதியவர்
இந்தப் படிக்கட்டைப் பார்த்ததில்லை.
நாலாவது மாடியில் குடத்தை இறக்கி வைத்து மூச்சு வாங்கினேன்.
இங்கே காற்றுக்கு இன்னும் விலை போடவில்லை.

பையன் என் கையைப் பிடித்துத் திருப்பினான்.
வீடு இடித்தபோது அவனுக்கு ஆறு வயசு.
"நம்ம கதவு நம்பரு" என்றான்,
வேறெதுவும் கேட்கவில்லை.

பசி நேரம்.
எண் இருந்த கையை
நனையாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு
ஒற்றைக் கையால் அரிசி களைந்தேன்.